பாட்டனாரின் பெட்டியில் இருந்த தோல் ஏப்ரன்: சென்னை ஃப்ரீமேசன் லாட்ஜும் நாம் அறிய வேண்டிய வரலாறும்



சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்த பிறகு ஒரு தந்தையும் மகனும் என்னைச் சந்திக்கக் காத்திருந்தார்கள். தந்தைக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். மகன் கல்லூரி மாணவர். பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்காகச் சாமான்களை ஒழித்தபோது, பாட்டனாரின் தகரப் பெட்டியில் ஒரு பொருள் கிடைத்ததாம். துணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். வெள்ளைத் தோலில் செய்து, ஓரத்தில் வெளிர்நீல நாடா வைத்துத் தைத்த ஏப்ரன். கூடவே, மடித்து மடித்து நைந்துபோன ஒரு சான்றிதழ். அதில் பாட்டனாரின் பெயரும், ஃப்ரீமேசன் லாட்ஜ் ஒன்றின் முத்திரையும் இருந்தன.

"இது தஜ்ஜாலோட கூட்டம் ஹஜரத். நெட்ல நிறைய வீடியோ இருக்கு" என்றார் மகன்.

தந்தை அவரைக் கையமர்த்திவிட்டு, "ஹஜரத், எங்க வாப்பா அஞ்சு வேளையும் தொழுதவங்க. ஹஜ்ஜும் செஞ்சவங்க. இனிமே அவங்களுக்கு நான் துஆ கேக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். அதைச் சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.

அன்றிரவு நான் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். இறந்துபோன ஒரு முஸ்லிமின் ஈமான் பற்றிய கேள்விக்கு வாட்ஸ்அப் வீடியோவை வைத்துப் பதில் சொல்ல முடியாது. அந்த ஒரு வாரத்தில் தேடிப் படித்து அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். வேறு சில வீடுகளின் பெட்டிகளிலும் இப்படி ஏதாவது இருக்கலாம்.

கொத்தனார்களின் சங்கம்

நம்மூரில் லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி. ஃப்ரீமேசன்களின் லாட்ஜ் அது அல்ல. ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களைக் கட்டிய கல்தச்சர்கள், வேலை நடக்கும் இடத்தில் ஒரு கொட்டகை போட்டுக்கொள்வார்கள். கருவிகளை வைப்பதும், ஓய்வெடுப்பதும், தொழில் விஷயம் பேசுவதும் அங்கேதான். அந்தக் கொட்டகைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர். மேசன் என்றால் கொத்தனார், கல்தச்சர்.

17ஆம் நூற்றாண்டில் கரண்டியையே தொட்டறியாத பிரபுக்களும் படித்தவர்களும் இந்தச் சங்கங்களில் உறுப்பினராகச் சேரத் தொடங்கினார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜ்கள் ஒரு மதுவிடுதியில் கூடி, 'கிராண்ட் லாட்ஜ்' என்ற தலைமை அமைப்பை உருவாக்கின. இன்று நாம் காணும் ஃப்ரீமேசன் இயக்கம் அன்று அமைப்பு வடிவம் பெற்றது.

மூலைமட்டம், கவராயம் போன்ற கொத்தனார் கருவிகள் இவர்களிடம் ஒழுக்கத்தின் அடையாளங்களாயின. கொத்தனாரின் தோல் ஏப்ரன் சடங்கு உடையானது. பயிற்சியாளர், தொழிலாளர், ஆசான் என மூன்று படித்தரங்கள் வைத்தார்கள். சேர விரும்புபவர் ஏதாவது ஒரு மதப்படி இறைவனை நம்புபவராக இருக்க வேண்டும். லாட்ஜுக்குள் மதமும் அரசியலும் விவாதிக்கக் கூடாது. பெண்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு படித்தரத்திலும் ரகசியம் காப்பதாக வேதத்தின் மீது சத்தியம் செய்ய வேண்டும்.

இந்த ரகசியச் சத்தியத்தைச் சந்தேகித்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. கத்தோலிக்கப் போப் பன்னிரண்டாம் கிளமெண்ட் 1738லேயே கத்தோலிக்கர்கள் இதில் சேரத் தடை விதித்துவிட்டார்.

கப்பலில் வந்த லாட்ஜ்

கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் வியாபாரிகளும் போன இடமெல்லாம் லாட்ஜும் போனது. 1730ல் கல்கத்தாவில் முதல் லாட்ஜ் செயல்படத் தொடங்கியது. சென்னையில் 1752ல் முதல் லாட்ஜ் ஏற்பட்டது. அப்போது அதில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள்தான்.

இந்த இயக்கத்தில் சேர்ந்த முதல் இந்தியர் யார் தெரியுமா? ஒரு முஸ்லிம், அதுவும் நம் தமிழ் மண்ணைச் சேர்ந்தவர். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்துல் உமரா. 1770களின் நடுவில், திருச்சிராப்பள்ளியில், டெரன்ஸ் கஹகன் என்ற மருத்துவர் அவரைச் சேர்த்துவைத்தார்.

இந்தச் செய்தி லண்டனை எட்டியதும் கிராண்ட் லாட்ஜ் மகிழ்ந்துபோனது. அலங்காரம் செய்த ஓர் ஏப்ரனையும், மிக உயர்வாகக் கட்டமைத்த சட்டப் புத்தகம் ஒன்றையும் அவருக்குப் பரிசாக அனுப்பியது. இளவரசர் பார்ஸி மொழியில் நன்றிக் கடிதம் எழுதி, தங்கச் சரிகைத் துணி உறையில் வைத்து அனுப்பினார். இங்கிலாந்தின் மேசன் என்ற பட்டத்தைத் தமக்கிருக்கும் பெரும் கௌரவங்களில் ஒன்றாகக் கருதுவதாக அதில் தெரிவித்திருந்தார்.

அவர் ஏன் சேர்ந்தார்? உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். அன்றைய சூழ்நிலையை மட்டும் நாம் பார்க்கலாம். வாலாஜா நவாபின் படைபலம் கம்பெனியின் படைபலம். கம்பெனிக்காரர்களிடம் அவர் வாங்கிய கடன் கழுத்தளவு. 1785ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆற்றிய புகழ்பெற்ற உரையே ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியதுதான். அப்படிப்பட்ட ஓர் அரச குடும்பத்துக்கு, ஆங்கிலேயர்கள் ஒருவரையொருவர் 'சகோதரர்' என்று அழைத்துக்கொள்ளும் ஓர் அறைக்குள் இடம் கிடைப்பது பெரிய பாதுகாப்பாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

சகோதரத்துவத்துக்கு வந்த சோதனை

அந்தப் பாதுகாப்பு எவ்வளவு உறுதியானது என்பது 1801ல் தெரிந்தது.

1795ல் வாலாஜா வஃபாத்தாக, உம்தத்துல் உமரா நவாபானார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் ஷஹீதானார். அங்கே கிடைத்த கடிதங்களைக் காட்டி, வாலாஜாவும் அவர் மகனும் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார்கள் என்று கம்பெனி குற்றம் சாட்டியது. அந்தக் கடிதங்களில் வலுவான ஆதாரம் எதுவும் இல்லை என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் பலரும், ஆங்கிலேயர் உட்பட, எழுதியிருக்கிறார்கள்.

1801 ஜூலையில் உம்தத்துல் உமரா சேப்பாக்கம் அரண்மனையில் மரணப் படுக்கையில் கிடந்தபோதே கம்பெனிப் படை அரண்மனையில் காவல் நின்றது. ஜூலை 15 அன்று அவர் இறந்தார். அவருடைய வாரிசு அலீ ஹுசைனிடம், ஆட்சியைக் கம்பெனிக்கு ஒப்படைக்கும் நிபந்தனைகள் வைக்கப்பட்டன. இளைஞரான அவர் மறுத்துவிட்டார். உடனே அவரை ஒதுக்கிவிட்டு, உறவினரான அஸீமுத் தௌலாவை நவாபாக்கி, ஜூலை 31 அன்று கையெழுத்து வாங்கினார்கள். கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டமும் மிஞ்சின. 1855ல் அந்தப் பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். 'ஆற்காட்டு இளவரசர்' என்ற பட்டம் அதன் பிறகு வந்தது.

இந்த முடிவை எடுத்த கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி பிரபு. அவர் 1782ல் அயர்லாந்து கிராண்ட் லாட்ஜின் தலைவராக, அதாவது அந்நாட்டு மேசன்கள் அனைவருக்கும் தலைவராக இருந்தவர்.

ஒரு 'சகோதரர்' மரணப் படுக்கையில் கிடக்க, இன்னொரு 'சகோதரரின்' ஆணையில் வாசலில் துப்பாக்கி நின்றது. இதை நான் மேசன்களின் சதி என்று சொல்லவில்லை. அது கம்பெனியின் மண்ணாசை. உலகையே ஆட்டிவைப்பதாகச் சொல்லப்படும் இந்தச் சகோதரத்துவம், தன் உறுப்பினர் ஒருவரின் வீட்டு வாசலைக்கூடக் காக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

நிற வேறுபாடும் அப்படித்தான். பம்பாயில் மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிப் பிரமுகரை அங்குள்ள லாட்ஜ் ஏற்க மறுத்தது. அவர் பாரிஸில் போய்ச் சேர்ந்து திரும்பி வந்தும் கதவு திறக்கவில்லை. கடைசியில் 1843ல் இந்தியர்களுக்கென்று தனி லாட்ஜ் தொடங்க வேண்டியிருந்தது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்பவர் சேர விண்ணப்பித்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் போராடி, 1872ல்தான் உள்ளே நுழைய முடிந்தது.

மெரினாவில் உள்ள வெள்ளைக் கட்டடம்

1786ல் சென்னையில் நிறுவப்பட்ட 'லாட்ஜ் ஆஃப் பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' தென்னிந்தியாவின் பழைமையான லாட்ஜ்களில் ஒன்று. 'முழுமையான ஒருமனம்' என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்லலாம். அதன் எண் 150.

இந்த லாட்ஜுக்காக 1839ல் கடற்கரையோரம் ஒரு கட்டடம் எழுந்தது. அதை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். மெரினா காமராஜர் சாலையில், காந்தி சிலைக்கு அருகே, தூண்களோடு வெள்ளை வெளேரென்று நிற்கும் தமிழ்நாடு காவல்துறைத் தலைமையகம்தான் அது. 1865ல் சென்னை மாகாணத்தின் முதல் போலீஸ் ஐ.ஜி. வில்லியம் ராபின்சன் மாதம் 90 ரூபாய் வாடகைக்கு அதை எடுத்தார். 1874ல் அரசு 20,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 1990களில் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யோசனை வந்தபோது பாரம்பரிய ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். கட்டடம் தப்பியது.

அதே சாலையில் சற்று வடக்கே போனால் நவாபின் சேப்பாக்கம் அரண்மனை. மேசன்களின் மண்டபம் காவல்துறைக்குப் போனது, நவாபின் அரண்மனை அரசு அலுவலகங்களாயிற்று. இரண்டையும் கடந்துதான் நாம் தினமும் பஸ்ஸில் போகிறோம்.

மேசன்களின் இப்போதைய மண்டபம் எழும்பூர் எத்திராஜ் சாலையில் இருக்கிறது. ஒளிந்திருக்கும் இடம் ஒன்றுமில்லை. பெயரோடுதான் நிற்கிறது.

நம்மவர்கள் ஏன் சேர்ந்தார்கள்?

20ஆம் நூற்றாண்டில் வக்கீல்கள், டாக்டர்கள், வியாபாரிகள், அரசு அதிகாரிகள் என எல்லா மதத்தவரும் லாட்ஜ்களில் சேர்ந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேறு வாய்ப்பு அரிது. தொழிலுக்குத் தொடர்புகள் கிடைக்கும். தர்ம காரியங்களும் உண்டு. 1961ல் இந்தியாவுக்கெனத் தனி கிராண்ட் லாட்ஜ் உருவானபோது, அதன் முதல் தலைவரானவர் ராம்பூர் நவாப் சையித் ரஸா அலீ கான்.

முஸ்லிம் நாடுகளிலும் இதே கதைதான். ஐரோப்பிய ஆதிக்கத்தை எதிர்த்து உலகெங்கும் முஸ்லிம்களைத் தட்டியெழுப்பிய ஜமாலுத்தீன் ஆப்கானியே 1870களில் எகிப்தில் லாட்ஜ் உறுப்பினராக இருந்தார். அரசியல் பேச அது ஒரு களமாகும் என்று நினைத்துச் சேர்ந்தவர், பின்னர் ஏமாற்றமடைந்தார். பிறகு காலம் மாறியது. எகிப்தில் 1964லும் பாகிஸ்தானில் 1972லும் லாட்ஜ்கள் மூடப்பட்டன.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இதில் மழுப்ப எதுவும் இல்லை. 1978ல் மக்காவில் ராபித்தத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் பேரவை, ஃப்ரீமேசன் இயக்கம் இஸ்லாத்துக்கு முரணானது, முஸ்லிம்கள் அதில் சேரக் கூடாது என்று மிகக் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அதன் காரணங்களோடு, இந்த இயக்கத்தின் நடைமுறையைப் பார்க்கும் எந்த ஆலிமும் சொல்லக்கூடிய காரணங்கள் இவை.

ஒன்று, சத்தியம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் முன்பே ரகசியம் காப்பதாகச் சத்தியம் வாங்குகிறார்கள். கழுத்தை அறுப்பது போன்ற பயங்கரத் தண்டனைகளைச் சொல்லும் வாசகங்கள் இங்கிலாந்தில் 1986 வரை அந்தச் சத்தியத்தில் இருந்தன. படைத்தவனுக்கு மாறு செய்யும் விஷயத்தில் படைப்புகளுக்குக் கட்டுப்படுதல் இல்லை என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த அடிப்படை. என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு ஒரு முஃமின் எப்படி முன்கூட்டியே கட்டுப்படுவார்?

இரண்டு, தவ்ஹீத். எல்லா மதத்தவருக்கும் பொதுவாக, பிரபஞ்சத்தின் மாபெரும் கட்டடக் கலைஞர் என்று இறைவனுக்குப் பெயர் வைத்து, குர்ஆனையும் மற்ற வேதங்களையும் சமமாக வைத்துச் சடங்கு நடத்துகிறார்கள். பிற மதத்தவரோடு நல்லுறவு நமக்குக் கடமை. வணக்கத்தின் சாயல் கொண்ட சடங்கில் தவ்ஹீதைக் கலந்து கரைத்துவிட அனுமதி இல்லை.

மூன்று, கட்டுக்கதை. மூன்றாம் படித்தரத்தில், சுலைமான் (அலை) அவர்களின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஹிராம் கொலை செய்யப்பட்டதை நடித்துக்காட்டுகிறார்கள். ஹிராம் என்ற பெயர் பைபிளில் உண்டு, கொலைக் கதை அதில்கூட இல்லை. ஒரு நபியின் வரலாற்றோடு ஒட்டவைத்த கற்பனையை நாம் சடங்காக நிகழ்த்த முடியாது.

சத்தியம் செய்து ஓர் அணியாகச் சேர்வதே தவறா என்றால், இல்லை. நபித்துவத்துக்கு முன், யமனிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் பொருளை மக்காவின் பெரும்புள்ளி ஒருவர் வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தபோது, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று மக்காவாசிகள் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் உடன்படிக்கை செய்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். நபி (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அப்படி ஓர் உடன்படிக்கைக்கு அழைத்தால் போவேன் என்றார்கள். அந்த உடன்படிக்கையில் ரகசியம் இல்லை. வெளியூர்க்காரருக்காக ஊர்ப் பெரியவரையே எதிர்த்து நின்ற உடன்படிக்கை அது. சேப்பாக்கம் அரண்மனை வாசலில் இல்லாமற்போனது அந்த நீதிதான்.

வதந்திகளைப் பற்றி

ஒரு செயல் ஹராம் என்று சொல்ல உண்மையான காரணங்கள் இருக்கும்போது, பொய்யான காரணங்கள் நமக்கு எதற்கு?

மேசன்கள் ஷைத்தானை வணங்குகிறார்கள் என்ற கதைகளில் பெரும்பகுதி, லியோ டாக்ஸில் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் கிளப்பிவிட்டவை. 1897ல் பாரிஸில் கூட்டம் கூட்டி, எல்லாம் நானே புனைந்தவை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கதை நிற்கவில்லை. யூதர்களும் மேசன்களும் சேர்ந்து உலகை ஆளத் திட்டமிட்டதாகச் சொல்லும் 'சியோன் முதியோர் நெறிமுறைகள்' 1903ல் ரஷ்யாவில் வெளியான போலி ஆவணம். வேறொரு நூலிலிருந்து திருடி எழுதப்பட்டது அது என்பதை லண்டன் டைம்ஸ் பத்திரிகை 1921லேயே அம்பலப்படுத்தியது. முக்கோணத்துக்குள் ஒற்றைக் கண் என்ற படம், இறைவன் எல்லாவற்றையும் பார்க்கிறான் என்பதைக் காட்ட மேசன்களுக்கு முன்பே கிறிஸ்தவ ஓவியங்களில் வந்துவிட்டது.

ஃபாஸிக் ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்தும் நிலை வரக் கூடாது என்று சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நமக்குப் பிடிக்காதவர்களைப் பற்றிய செய்தி என்பதற்காக இந்தக் கட்டளை தளர்ந்துவிடாது. இன்னொன்றையும் யோசியுங்கள். ஆதாரமில்லாத இதே முறையில்தான் இன்று நம் சமுதாயத்தைப் பற்றியும் வீடியோக்கள் பரப்பப்படுகின்றன. நமக்கு நடக்கும்போது வலிக்கிறதல்லவா?

அந்தத் தந்தைக்குச் சொன்ன பதில்

ஒரு வாரம் கழித்து அவர்கள் இருவரும் வந்தார்கள். நான் சொன்னேன்:

உங்கள் வாப்பா சேர்ந்த அமைப்பு முஸ்லிம் சேரக் கூடாத அமைப்பு. அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்த 1978 தீர்ப்புகூட, அதன் உண்மை நிலையையும் நோக்கங்களையும் அறிந்தே சேர்பவரைப் பற்றித்தான் மிகக் கடுமையான வார்த்தையைச் சொல்கிறது. சான்றிதழில் உள்ள தேதி அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முந்தையது. வியாபாரத் தொடர்புக்காகச் சேர்ந்தாரா, நண்பர் அழைத்துப் போனாரா, இரண்டு கூட்டத்துக்குப் பிறகு விட்டுவிட்டாரா என்பது நமக்குத் தெரியாது. ஐந்து வேளை தொழுததும் ஹஜ் செய்ததும் உங்களுக்குக் கண்ணால் கண்ட சாட்சி. போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவரை, உயிருக்குப் பயந்து சொன்னார் என்று கருதி உஸாமா (ரலி) அவர்கள் வெட்டிவிட்டபோது, அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வி நமக்கும் சேர்த்துத்தான். ஒரு சகோதரரைக் காஃபிர் என்று சொன்னால் அந்தச் சொல் இருவரில் ஒருவரிடம் திரும்பும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. எனவே உங்கள் வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்காக இஸ்திக்ஃபார் செய்யுங்கள். பெற்றோருக்காகப் பிள்ளை கேட்கும் துஆவை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை.

தந்தை கண்களைத் துடைத்துக்கொண்டார். மகன் மட்டும் கேட்டார்: "அப்ப அந்த ஏப்ரன என்ன ஹஜரத் செய்றது?"

"அதைக் கட்டிக்கொண்டு நிற்காதவரை அது வெறும் தோல்தான். வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நாளை உங்கள் பிள்ளை கேட்டால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றேன்.

முஃமின்கள் அனைவரும் சகோதரர்களே என்று அல்லாஹ் ஏற்கெனவே நம்மை ஒரு சகோதரத்துவத்தில் சேர்த்துவிட்டான். அதற்கு ரகசியக் கைகுலுக்கல் தேவையில்லை, ஸலாம் போதும். அதன் வாசல் ஏழைக்கும் பணக்காரருக்கும் திறந்தே இருக்கிறது. அந்தச் சகோதரத்துவத்தை நாம் முழுமையாக வாழ்ந்து காட்டினால், நம் பிள்ளைகள் வேறு கதவுகளைத் தட்ட வேண்டியிராது.

அல்லாஹ் நம் அனைவரின் ஈமானையும் பாதுகாத்து, நம் முன்னோர்களின் பிழைகளை மன்னித்து அருள்வானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.